அடுப்படி நிலையில் ஒரு மயில்

நல்லாற்றூர்த் தேருக்குத் துணி தைக்கிறவர் வடிவாம்பாள். தேரின் நாலு மூலையிலும் மேலிருந்து உருளை உருளையாகத் தொங்குமே, யாளியும் அன்னமும் தாமரையும் பல நிறத் துணியில் வெட்டிவைத்துத் தைத்தது, அதற்குத் தொம்பை என்று பெயர். தேர் அசைந்தால் தொம்பையும் அசையும். தூரத்தில் நின்று பார்த்தால் தேரே உயிரோடு நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

வடிவாம்பாளிடம் கற்றுக்கொள்ள வந்த பெண்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அங்கே ஒரு வழக்கம். குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவை அம்மா என்பார்.

சொர்ணமும் அப்படி ஓர் அக்காதான். இத்தனை காலம் விளிம்பு மடிப்பதும் குஞ்சம் கட்டுவதுமாக இருந்தவள். இந்த வருஷம்தான் முழுத் தொம்பை ஒன்று அவள் கைக்கு வந்தது.

"எனக்காம்மா? நிஜமாவா?"

"உங்களுக்குத்தான்."

"எந்த மூலை?"

"முன்பக்கம். சாமிக்கு வலது கைப் பக்கம்."

சொர்ணம் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள். இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னாள். கீரைக்காரம்மாவிடம் சொன்னாள். "மயில் தைக்கப் போறேன். தோகை விரிச்ச மயில்! தேர் வரும்போது பாருங்க, முன்னாடியே நிக்கும்!"

இரண்டு பிள்ளைகளும் அவளைச் சுற்றிக் குதித்தார்கள். பாத்திரக்கடை வைத்திருக்கிற கணவர் நடேசன், "முன்பக்கமா? முன்பக்கமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய அக்கா குஞ்சிதமும் அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் மட்டும், "சாமி காரியம். சுத்தபத்தமா செய்யணும். விளையாட்டு இல்ல" என்றார்.

தேர்த் திருநாள் நெருங்கிவிட்டது. ஒரு நாள் காலையில் சொர்ணம் மூட்டையோடு குரு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, மன்னிச்சுக்கணும். இதை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"மயில் என்னாச்சு?"

"கால் இருக்கு. ஒரு பக்கத் தோகை இருக்கு. மத்தது வெறும் துணியா கெடக்கு."

"ஏன்க்கா?"

"நேரம் இல்லம்மா."

வடிவாம்பாள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "நேத்து என்ன செஞ்சீங்க?"

சொர்ணம் மூச்சு விடாமல் சொன்னாள். வாசல் தெளித்தது, இட்லி ஊற்றியது, சின்னவன் கண்ணப்பன் ஒற்றைச் செருப்பைத் தேடிப் பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டது, அவனைக் கொண்டுபோய் விட்டது, தண்ணீர் வந்தது, தண்ணீர் நின்றது, கடைக்குச் சாப்பாடு அனுப்பியது, மாவு அரைத்தது, பெரியவள் உமையாளுக்குத் தலை பார்த்தது.

"இதுல எங்கம்மா மயில் தைக்கிறது? இங்க ஒரு மூலை குடுங்க. தேர் வரைக்கும் இங்கேயே தங்கி முடிச்சுத் தந்துடறேன். ஒரு சத்தம் இல்லாம, ஒருத்தர் கூப்பிடாம..."

வடிவாம்பாள் மூட்டையைக் காட்டிக் கேட்டார்.

"நேத்து இந்த மூட்டையை எடுக்கவே இல்லையா?"

"எடுத்தேனே! தலைக்குக் குளிச்சேன். வேற புடவை மாத்தினேன். பரண்ல இருந்து இறக்கினேன். மேல் துணி, உள் துணி எல்லாம் பிரிச்சு, பாய் விரிச்சு, மேல வெள்ளை விரிச்சு, அதுல இதை விரிச்சு உக்காந்தேன்."

"அப்புறம்?"

"நூல் கோத்தேன். குக்கர் கூப்பிட்டுடுச்சு."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் மடிச்சு, சுத்தி, பரண்ல ஏத்தினேன்."

"முந்தாநாள்?"

"முந்தாநாளும்தான்."

வடிவாம்பாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சொர்ணத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாமிக்குப் போறதும்மா. குளிக்காம தொடக் கூடாது, அடுப்படிக் கை படக் கூடாதுன்னு அண்ணி சொன்னாங்க. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு."

"நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்கு வரேன். எனக்கும் சேர்த்துச் சமைங்க."

"எங்க வீட்டுக்கா? நீங்களா?"

"மூட்டையையும் கொண்டு போயிடுங்க."

தொம்பையைத் திருப்பிக் கொடுக்க வந்ததே சொர்ணத்துக்கு மறந்துபோயிற்று. குரு வீட்டுக்கு வருகிறார்! என்ன சமைப்பது?

வீடு அமளிப்பட்டது. குஞ்சிதம் அரிசி களைந்தபடியே கேட்டார். "குருன்னா யாரு, அந்த வடிவுப் பொண்ணா? என் வயசுல பாதி இருக்குமா?"

"குரு, அண்ணி."

"சரி சரி, நான் என்ன வேணாம்னா சொன்னேன்? வாழைப்பூ வடை போடு. வடையில வயசு தெரியாது."

மறுநாள் நடேசன் கடையை அடைத்துவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். அன்று சனிக்கிழமை. பிள்ளைகள் தெருமுனைக்கும் வீட்டுக்கும் ஓடியபடி இருந்தார்கள். "வராங்க! வரலை, அது வேற யாரோ! வராங்க!"

வடிவாம்பாள் வந்தார். கை கால் கழுவினார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"மூட்டை எங்க?"

நடேசன் பரணில் இருந்து இறக்கினார். வடிவாம்பாள் சுற்றியிருந்த துணிகளை உருவி எடுத்து, மடித்து, குஞ்சிதத்தின் கையில் கொடுத்தார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் இருக்கிற நிலையைப் பார்த்தார். எப்போதோ திரை போட்டிருந்த கொக்கிகள் இரண்டு அதில் இருந்தன.

"ஒரு கயிறு குடுங்கண்ணா."

நடேசன் கொடுத்தார். கண்மூடித் திறப்பதற்குள் தொம்பைத் துணி அடுப்படி நிலையில் தொங்கியது. வெள்ளை நடுவில் அரை மயில். வெட்டி வைத்திருந்த தோகைத் துண்டுகளை ஒரு பையில் போட்டுப் பக்கத்திலேயே மாட்டினார். நூல் கோத்த ஊசிகளை மேல்விளிம்பில் வரிசையாகக் குத்தினார்.

"அம்மா!" என்றாள் சொர்ணம். "அடுப்படிம்மா! தாளிக்கிற புகை, எண்ணெய்க் கை, எச்சில் கை..."

"வடை ஆறிடும்க்கா."

சாப்பிட்டார். மூன்று வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். கிளம்பும்போது சொன்னார்.

"தேர் வரைக்கும் இதை இறக்காதீங்க."

"யாராவது தொட்டுட்டா?"

"இறக்காதீங்க."

அவ்வளவுதான். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சொர்ணம் பால் அடுப்பில் வைத்தாள். பால் பொங்குகிற வரைக்கும் நின்றுகொண்டுதானே இருக்க வேண்டும்? நின்றாள். எதிரில் மயில். கையை முந்தானையில் துடைத்து, ஒரு ஊசியை எடுத்தாள். பால் பொங்குவதற்குள் தோகையின் ஓர் இறகு பாதிக்கு வந்துவிட்டது. பால் வழிந்தது. அதற்குள் மீதிப் பாதியும் வந்துவிட்டது.

"உமையா! இங்க வா, ஓடி வா! ஒரு இறகு முடிச்சுட்டேன்!"

உமையாள் ஓடி வந்தாள். பின்னாலேயே கண்ணப்பன்.

"நான் ஒண்ணு தைக்கவாம்மா?"

சொர்ணம் உள்ளறைப் பக்கம் பார்த்தாள். அண்ணி காதில் விழாத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கை கழுவிட்டு வா."

"எனக்கு?" என்றான் கண்ணப்பன்.

"நீ நூல் கோத்துக் குடு. உனக்குத்தான் கண்ணு நல்லாத் தெரியுது."

"செருப்பு மட்டும் தெரியாது" என்றாள் உமையாள்.

அதிலிருந்து அந்த வீட்டுக்கு வேறு பேச்சில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பை ஒரு பக்கம், சாக்ஸ் ஒரு பக்கம். "இன்னிக்கு எவ்வளவு வளந்திருக்கு?" சாப்பிட வந்த நடேசன் நிலைக்கு முன்னால் நின்று, தலையைச் சாய்த்து, "இந்த இறகு வளைவு சரியில்லையே" என்றார்.

"அப்ப நீங்க வெட்டுங்களேன்."

"நானா?"

"செம்புத் தகடு வெட்டறீங்க, துணி வெட்ட வராதா?"

வெட்டினார். வளைவு வில் மாதிரி வந்து விழுந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. அன்றைக்குக் கடையை லேட்டாகத்தான் திறந்தார். அடுத்த நாள் சீக்கிரமே சாப்பிட வந்துவிட்டார். பசி இல்லை. பச்சைத் துணிக்குப் பக்கத்தில் மஞ்சள் வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்ததாம். அதைச் சொல்லத்தான் வந்தார்.

ஒரு நாள் ரசத்தில் உப்பு விட்டுப்போயிற்று. எல்லோரும் மயிலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டதில் ஒருவரும் கவனிக்கவில்லை.

குஞ்சிதம் மட்டும் புடவையை இழுத்துச் செருகி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து, துணி மேலே படாமல் அடுப்படிக்குள் போய் வந்தார். போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது ஒரு வார்த்தை.

"மயிலா இது? கழுத்தைப் பார்த்தா பக்கத்து வீட்டுக் கோழி மாதிரி இருக்கு."

"அத்தை, இன்னும் கண்ணே வைக்கலை" என்றான் கண்ணப்பன்.

"அதான் கோழிக்கே வெக்கமா இருக்கு."

சொர்ணம் சிரித்துக்கொண்டே மயிலின் கழுத்தைப் பிரித்து மறுபடி தைத்தாள். அண்ணி சொன்னது சரிதான். கொஞ்சம் கோழிதான்.

தேருக்கு முந்தின நாள் வந்தது. மறுநாள் விடிந்ததும் தொம்பையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தோகை முழுதும் விரிந்துவிட்டது. கண் மட்டும்தான் பாக்கி. கோயில் வரைக்கும் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, நிதானமாகக் கண் வைக்கலாம் என்று சொர்ணம் பிள்ளைகளோடு கிளம்பினாள்.

திரும்பி வந்தார்கள். முதலில் உள்ளே ஓடியது கண்ணப்பன்தான்.

"அம்மா! மயில் பாக்குதும்மா!"

சொர்ணம் வந்து பார்த்தாள். மயிலுக்குக் கண் இருந்தது. கறுப்புக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சின்னதாக நீலம். தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் தெரியவில்லை. அவள் அப்படி ஒரு கண்ணை வைத்திருக்க முடியாது.

அடுத்த மூச்சில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில், ஐந்து விரலும் உள்ளங்கையுமாக மஞ்சள் கை ஒன்று பதிந்திருந்தது. அரைத்த மஞ்சள்.

"ஐயோ, முருகா!"

ஓடிப்போய்ச் சோப்பை எடுத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போகவில்லை. சிவந்தது. ஆரத்திக்கு ஆலம் கரைத்த மாதிரி, பளிச்சென்று, செக்கச் செவேலென்று சிவந்தது.

"அம்மா, நிறுத்தும்மா! சிவப்பாகுது!" என்று உமையாள் கத்தினாள்.

அப்போதுதான் கடையிலிருந்து திரும்பிய நடேசன் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்தார். "யாரு கை இது?"

"நான் இல்ல!"

"நானும் இல்ல! வேணும்னா வெச்சுப் பாருங்க!"

உமையாள் தன் கையை அந்தக் கை மேல் வைத்துக் காட்டினாள். சின்னது. கண்ணப்பன் வைத்தான். அதைவிடச் சின்னது. நடேசன் வைத்தார். பெரியது. சொர்ணம் வைத்தாள். விரல் நீளம் ஒத்துவரவில்லை.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குஞ்சிதம் அம்மியடியில் உட்கார்ந்திருந்தார். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"மஞ்சள் மேல யாராவது சோப்புப் போடுவாங்களா?" என்றார். "சிவக்கும்னு தெரியாது?"

"அக்கா, கையைக் காட்டு" என்றார் நடேசன்.

"எதுக்கு?"

"காட்டேன்."

"என் கைதான். இப்ப என்னங்கிற?"

கண்ணப்பனுக்கு வாய் பிளந்துவிட்டது. "அத்தை, கண்ணு நீங்களா வெச்சீங்க?"

"கண்ணு இல்லாம அது என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. எத்தனை நாள்தான் பொறுத்துக்கிறது?" என்றார் குஞ்சிதம். "மஞ்சள் அரைச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுல யாரும் இல்ல. சட்டுன்னு கழுவிட்டு ரெண்டு தையல் போடலாம்னு போனேன். வலது கையைக் கழுவினேன். இடது கையைப் பத்தி ஞாபகமே வரல. போட்டு முடிச்சதும் துணியைப் பிடிச்ச கையை எடுத்தேன், பாத்தா..."

"அப்ப ஏன் வலது கையை மறைச்சீங்க?" என்றாள் உமையாள்.

"பதட்டத்துல எந்தக் கைன்னே தெரியலடி."

நடேசன்தான் முதலில் சிரித்தார். பிறகு பிள்ளைகள். சொர்ணமும் சிரித்திருப்பாள். அதற்குள் குஞ்சிதம் முந்தானையால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டாள்.

"சுத்தபத்தம்னு நான்தான் வாய் கிழியப் பேசினேன். கடைசியில நானே கெடுத்துட்டேன். சாமிக்கு ஆகாம போச்சு."

சொர்ணம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணி, இந்தத் தையலை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க கத்துக்கிறது? தினம் பாத்துக்கிட்டேதானே போறேன், வரேன்."

"ஒரு தாமரை வெட்டி மேல வெச்சுத் தைச்சுடலாமா?" என்றார் நடேசன். சிவப்புத் துணி கையில் தயாராக இருந்தது. "ஒருத்தருக்கும் தெரியாது."

"சாமிக்குமா தெரியாது?" என்றார் குஞ்சிதம். "வேண்டாம். இருக்கிறபடி கொண்டு போவோம். அந்தப் பொண்ணு... உங்க குரு என்ன சொல்றாங்களோ அது."

காலையில் குடும்பமே தேர்முட்டிக்குப் போனது. தேர் பனை உயரம் நின்றது. மேளக்காரர் ஒருவர் தவிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழைமரம் கட்டுகிறவர்கள் கத்தினார்கள். மற்ற மூலைகளில் தொம்பைகள் ஏறிவிட்டன. ஒன்றிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை. முன்பக்கம், வலது கை மூலை மட்டும் காலியாக இருந்தது. 

வடிவாம்பாள் ஏணியில் இருந்து இறங்கி வந்தார். துணியை விரித்தார். தோகையை இறகு இறகாகத் தடவிக்கொண்டு போனார். இந்த வளைவு யார் வெட்டியது என்று கேட்டார். நடேசன் தொண்டையைச் செருமினார். கண்ணில் விரல் நின்றது. பக்கத்திலிருந்த சிவப்புக் கையிலும் நின்றது.

"இது?"

"என் கை" என்றார் குஞ்சிதம்.

"கண்?"

"அதுவும்தான்."

வடிவாம்பாள் சொர்ணத்தைப் பார்த்தார்.

"நேரம் கிடைச்சுதாக்கா?"

சொர்ணம் யோசித்தாள். "தெரியலம்மா. தேட மறந்துட்டேன்."

வடிவாம்பாள் தலையாட்டிவிட்டு, தொம்பையைச் சுருட்டினார். பிரம்பு வளையத்தை உள்ளே கொடுத்து ஓரத்தை மூட்டத் தொடங்கினார். சொர்ணத்தால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, இதைத் தேர்ல கட்டலாமா? புகை பட்டிருக்கு. ரசம் தெறிச்சிருக்கு. பிள்ளைங்க கை, கடையில இருந்து வந்த இவரு கை எல்லாம் பட்டிருக்கு. இப்ப இந்தக் கறை வேற. உண்மையைச் சொல்லுங்க. இப்படி ஒரு துணியைக் கர்ப்பக்கிரகத்துல சாமி மேல சாத்துவாங்களா?"

"சாத்த மாட்டாங்க."

குஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணப்பன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப நாங்க எடுத்துட்டுப் போயிடறோம்மா" என்றாள் சொர்ணம்.

வடிவாம்பாள் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார். தொம்பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதி ஏணியில் நின்று, தொம்பையைத் தேரிலிருந்து தொங்கிய கயிற்றில் மாட்டி, கயிற்றின் நுனியைக் கீழே போட்டார். அது குஞ்சிதத்தின் காலடியில் விழுந்தது.

"இழுத்துப் பிடிங்கக்கா, கட்டணும்."

"நானா?"

"நீங்கதான்."

குஞ்சிதம் இரண்டு கையாலும் பிடித்தார். தொம்பை மேலே போனது. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மயிலும் கையுமாகத் தெருவைப் பார்த்து நின்றது. பிள்ளைகள் கத்திய கத்தலில் தவில்காரர் திரும்பிப் பார்த்தார்.

சொர்ணம் அண்ணாந்து கேட்டாள். "அம்மா, நீங்கதானே சாத்த மாட்டாங்கன்னு சொன்னீங்க?"

வடிவாம்பாள் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"உள்ளேயே இருந்தாப் போதும்னா, சாமி எதுக்குக்கா தெருவுக்கு வருது?"